இல்லை என்பதற்கு ஒரு படம்

என் வேலை என்னவென்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கம்ப்யூட்டர் திரையில் குப்பைத்தொட்டி, பூட்டு, கத்தரிக்கோல் என்று சின்னச் சின்ன ஐகான்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றை நான் வரைவதில்லை. வரைவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பாராட்டெல்லாம் அவர்களுக்குப் போய்விடும். ஒரு புரோகிராம் 'எனக்குப் பூட்டு வேண்டும்' என்று பெயரைச் சொன்னால், எந்த தீம், அதாவது எந்தப் படத்தொகுப்பு, போட்டிருக்கிறார்கள், எந்த அளவு வேண்டும், படம் எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்று தேடி எடுத்துவந்து, சரியான நிறத்தில் திரையில் போடுகிற பகுதி ஒன்று உண்டு. அதைக் கட்டி மேய்க்கிற நாலைந்து பேரில் நான் ஒருத்தி. எல்லாம் ஒழுங்காக நடந்தால் நாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது.

அக்கா வீட்டுக்காரருக்கு, அதாவது அத்தானுக்கு, இது பெரிய வேடிக்கை. "கடையில பொட்டலம் எடுத்துக் குடுக்கிற வேலை. அதுக்கு ஏசி ரூம், சுத்துற நாற்காலி," என்பார். அவர் லிஃப்ட் மெக்கானிக். கையில் கிரீஸ் படாத வேலையெல்லாம் அவரைப் பொறுத்தவரை வேலையே இல்லை. எனக்கு அவர் வைத்த பெயர் பொம்மைக்காரி. அவர் அக்காவைக் கட்டிக்கொண்ட புதிதில் வைத்த வேறு பெயர்கள் இருந்தன, அவற்றை நான் சொல்லப்போவதில்லை.

போன வருஷம் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, கூடவே பேச்சும் போயிற்று. எழுத்தும் போயிற்று. வார்த்தைகளெல்லாம் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கின்றன, வெளியே வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்றார் டாக்டர். மூச்சுக்கு முந்நூறு தரம் பேசுகிற அக்கா, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

பேச்சுப் பயிற்சிக்காரர் ஒரு படப்பலகை கொடுத்தார். அதில் தண்ணீருக்குப் படம், கண்ணும் சிரிப்பும் வைத்த ஒரு கண்ணாடி கிளாஸ். அக்கா அதை வெறித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். கிளாஸுக்கு எதற்குக் கண் என்று கேட்கிறாள் என்று தோன்றியது. அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தாளை இழுத்து, அக்கா தினமும் குடிக்கிற விளிம்பு நசுங்கிய தம்ளரைப் பென்சிலால் வரைந்தார். நசுங்கல் உட்பட. அக்காவின் இடது கை உடனே அதன்மேல் போய் உட்கார்ந்தது.

"பொம்மைக்காரி, இதை உன் பெட்டிக்குள்ள ஏத்த முடியுமா?" என்று கேட்டார் அத்தான்.

ஏற்றினேன். தொடுதிரை உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டரில், கட்டம் கட்டமாகப் படங்கள். தொட்டால் அந்த வார்த்தையைப் பேசும். வேலையிலிருந்து வந்த கையோடு அத்தான் வரைவார், நான் அதை நகலெடுத்துத் திரைக்கு ஏற்ற மாதிரி செய்வேன். தட்டு, தலையணை, மாத்திரை டப்பா, வாசலில் கிடக்கும் அவருடைய தோல்செருப்பு. செருப்புப் படம் வெளியே போக வேண்டும் என்பதற்கு. காலித்தட்டைக் கை தள்ளுவதுபோல ஒரு படம், 'எடுத்துட்டுப் போ' என்பதற்கு. என்னையும் வரைந்தார்; மூக்கைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டார். அது வேண்டுமென்றே செய்ததுதான்.

கம்ப்யூட்டரின் குரல் அக்காவை மிரட்டியது. அதனால் வார்த்தைகளையும் அவரே பேசிப் பதிவு செய்தார். அடுக்களையில் ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்த்து வழிய, பள்ளிக்கூடப் பையன் ஒப்பிப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னார். தண்ணி. போதும். வலிக்குது. செருப்பு. பையன். பொம்மைக்காரி. தன்னுடைய படத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"உங்க கட்டத்துக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்றேன்.

"அவ என்னைக்கு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா?" என்றவர், அக்காவைப் பார்த்துக்கொண்டே, அவள் இழுக்கிற மாதிரியே இழுத்து, "என்னங்க..." என்றார். அக்கா சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

'இல்லை' என்ற வார்த்தையையும் அன்றைக்குப் பேசி வைத்தார். படம்தான் வரவில்லை. "இல்லாததை எப்படி வரையறது? காலி டப்பா வரைஞ்சா டப்பா வேணும்னு நீ எடுத்துட்டு வந்து நிப்ப," என்றார். வேண்டாம் என்பதற்கு அக்கா தலையை ஆட்டுவாள், அது போதும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

அத்தான் வரைந்தவற்றை ஒரு தீமாகக் கட்டினேன். இங்கே எங்கள் தொழிலில் உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு தீமில் படம் கிடைக்கவில்லையென்றால், அதற்கு அடிப்படையாக வைத்த பொதுத் தீமில், அதாவது தாய் தீமில், தேடுவோம். அங்கேயும் இல்லையென்றால் பெயரைக் கடைசியிலிருந்து வெட்டிக்கொண்டே வருவோம். 'ஆள்-வீடு-கணவர்' இல்லையா, 'ஆள்-வீடு'. அதுவும் இல்லையா, வெறும் 'ஆள்'. எதையாவது காட்டியே தீருவோம். எதுவுமே அகப்படாவிட்டால் மட்டும் கடைசியாக ஒரு படம் வரும்: ஒரு மூலை கிழிந்த வெற்றுச் சட்டம், நடுவில் ஒன்றுமில்லை. அது திரையில் தலைகாட்டினால் எங்கள் ஆபீசில் எல்லோர் முகமும் சுண்டிப்போகும். யார் கண்ணிலும் படக்கூடாத படம் அது.

அத்தான் ஒரு மதியம், வேலை நடந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கருவிப்பெட்டியின்மேல் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே போய்விட்டார். இதயம். அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது, அக்காவைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பக்கத்தில் நிறுத்தினோம். அவள் அழவில்லை. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. வந்தவர்களெல்லாம் என் காதுபடவே, "பாவம், அதுக்கு ஒண்ணும் புரியலை" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் துணிமணியை அள்ளிக்கொண்டு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டேன். வெளியூரில் இருக்கும் அவள் மகன் லீவு போட்டுவிட்டுத் தங்கினான்.

அதன் பிறகுதான் வினை ஆரம்பித்தது. அக்கா காலையில் எழுந்ததும் அத்தானின் கட்டத்தைத் தொடுவாள். 'என்னங்க...' என்று அத்தானின் குரல் வீடு முழுக்கக் கேட்கும். தொட்டுவிட்டு வாசலைப் பார்ப்பாள். யாரும் வரமாட்டார்கள். பலகை முழுக்கக் கண்ணை ஓட்டுவாள். மறுபடி தொடுவாள். என்னங்க. என்னங்க. செத்துப்போனவர், தன் மனைவி இழுக்கிற மாதிரியே இழுத்து, தன்னையே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மகன் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வான்.

ஒரு நாள் என்னிடம் வந்து நின்றான். "சித்தி, அந்தப் படத்தை எடுத்துடுங்க. அம்மா அப்பாவைத் தேடுறாங்க. எனக்குத் தாங்கலை."

எனக்கும் தாங்கவில்லை. ஆனால் கட்டத்தையே எடுத்தால் மற்ற கட்டங்கள் இடம் மாறிவிடும். எது எங்கே என்று கையால் பழகி வைத்திருக்கிறாள், எல்லாம் குழம்பிவிடும். அதனால் கட்டத்தை விட்டுவிட்டு, அத்தானின் படத்தையும் குரலையும் மட்டும் ஃபோல்டரிலிருந்து நீக்கினேன். மிச்சத்தை எங்கள் வழக்கம் பார்த்துக்கொள்ளும் என்று தெரியும். பார்த்துக்கொண்டது. 'ஆள்-வீடு-கணவர்' கிடைக்கவில்லை, 'ஆள்-வீடு' கிடைக்கவில்லை, தாய் தீமிலிருந்து 'ஆள்' வந்து உட்கார்ந்தது. தலையும் தோளும் மட்டும் உள்ள, முகமில்லாத சாம்பல்நிற உருவம். ஓட்டை தெரியாமல் ஒட்டுப்போட்டதில் எனக்குத் திருப்திகூட இருந்தது என்பதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா வந்து தொட்டாள். அந்த உருவத்துக்கு எழுதி வைத்திருந்த வார்த்தையைக் கம்ப்யூட்டர் தன் சொந்தக் குரலில் படித்து, "யாரோ" என்றது.

கையை எடுத்துவிட்டாள். அந்தச் சாம்பல் மனிதனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடி தொட்டாள். "யாரோ." திரையின் ஓரத்தைப் பிடித்துத் தள்ளினாள். அதன் பிறகு எந்தக் கட்டத்தையும் தொடவில்லை, தண்ணீருக்குக்கூட. தாகமெடுத்தால் நாக்கு உலர உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரமே, வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸம்மா வந்தார். நான் ஆபீஸ் போகிற நேரத்தில் பகலில் ஒரு உதவியாளரை அனுப்புவதா, இல்லை அக்காவைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கச் சொல்வதா என்று எழுதிக்கொடுக்க வேண்டியவர் அவர்தான். நல்ல மனுஷி, ஆனால் வேலையில் கறார். தனக்கு வேண்டியதைக் கேட்கவும், சுற்றி நடப்பதைப் புரிந்துகொள்ளவும் முடிகிறவர்களை மட்டும்தான் வீட்டில் விடுவார்கள்.

பலகையை அக்கா முன்னால் வைத்து, "உங்க வீட்டுக்காரர் எதுன்னு காட்டுங்கம்மா," என்றார். அக்கா கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. அவர் வற்புறுத்தினார். கடைசியில் அக்காவின் விரல் பழகிய இடத்துக்குப் போனது.

"யாரோ," என்றது கம்ப்யூட்டர்.

நர்ஸம்மா எதையோ குறித்துக்கொண்டார். "அவர் இப்ப எங்க இருக்காரு?" அக்கா வாசலைப் பார்த்தாள். அதையும் குறித்துக்கொண்டார். போகும்போது, "அடுத்த வாரம் இன்னொரு தடவை வரேன். அப்பவும் இப்படித்தான்னா, இல்லத்துக்குத்தான் எழுதணும். தப்பா எடுத்துக்காதீங்க," என்றார்.

மகன் அன்றே இல்லங்களை விசாரிக்க ஆரம்பித்தான். அவன்மேல் குறை சொல்ல முடியாது. "நீங்களும் எத்தனை நாளைக்கு சித்தி?" என்றான். நான் அவனைப் பிடித்து நன்றாகக் கத்தினேன். கத்திவிட்டு மாடியில் போய் அழுதேன். அக்கா தன் வீட்டை விட்டுப் போனால் அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். அங்கே நசுங்கிய தம்ளர் இருக்காது. கண்ணும் சிரிப்பும் வைத்த கிளாஸ்தான் இருக்கும்.

சனிக்கிழமை காலை, அத்தானின் படத்தைத் திரும்ப வைப்பதென்று உட்கார்ந்தேன். வாசலைப் பார்த்தாலும் பரவாயில்லை, பேசட்டும். அக்கா பக்கத்தில் நாற்காலியில் இருந்தாள். படத்தையும் குரலையும் ஃபோல்டரில் போட்டேன். பலகையைத் திறந்தேன். அதே சாம்பல் மனிதன். மூடித் திறந்தேன். நகரமாட்டேன் என்று அவனேதான் உட்கார்ந்திருந்தான்.

காரணம் எனக்கே தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடினால் நேரமாகுமென்று, எது எங்கே இருக்கிறதென்று ஒரு தடவை குறித்து வைத்துக்கொள்வோம். அதற்குக் கேஷ் என்று பெயர். உள்ளே புதிதாக ஒன்று வந்தது அதற்குத் தெரியாவிட்டால், பழைய கணக்கையே பிடித்துக்கொண்டு தொங்கும். ஆபீசில் மற்றவர்களுக்கு இதை நான் வகுப்பெடுத்திருக்கிறேன். எரிச்சலில் அந்தக் கேஷை அழித்தேன். அதோடு நிற்காமல், இந்தச் சாம்பல் மனிதன் இனி எந்த வழியாகவும் உள்ளே வரக்கூடாது என்று தாய் தீமின் பெயரையே வெட்டினேன். பெயரை வெட்டித் தேடுகிற வழக்கத்தையும் நிறுத்தினேன். இருந்தால் காட்டு, இல்லாவிட்டால் சும்மா இரு.

அவசரத்தில் அத்தானின் படத்தையும் குரலையும் வேறொரு ஃபோல்டரில் போட்டிருந்திருக்கிறேன். பலகையைத் திறந்தேன். அத்தானின் கட்டத்தில், எங்கள் ஆபீசில் யாருமே பார்க்க விரும்பாத அந்தப் படம் நின்றது. மூலை கிழிந்த வெற்றுச் சட்டம்.

தலையில் அடித்துக்கொண்டு மூடப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

நாற்காலியில் முன்னால் சாய்ந்து அந்தச் சட்டத்தைப் பார்த்தாள். தொட்டாள். அதற்குக் குரல் இல்லை, ஒன்றும் கேட்கவில்லை. அவள் தள்ளிவிடவில்லை. விரலை அங்கேயே வைத்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், பல நாளைக்குப் பிறகு நேராக என் கண்ணைப் பார்த்தாள். கண்ணீர் வழிந்து கன்னத்தில் இறங்கியது, செத்த வீட்டில் வராத கண்ணீர்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு எல்லாம் தெரியும். அன்றைக்கே தெரியும். தெரிந்ததைச் சொல்லத்தான் அவளிடம் படம் இல்லை. அவர் பெயரைச் சொல்லிவிட்டு, அடுத்த வார்த்தைக்குப் பலகை முழுக்கத் தேடியிருக்கிறாள். அதை நாங்கள் அவரைத் தேடுவதாக எடுத்துக்கொண்டோம். போதாததற்கு, அவர் இருந்த இடத்தில் யாரோ ஒருவனைக் கொண்டுவந்து உட்கார வைத்தேன் நான்.

அத்தானின் படத்தையும் குரலையும் சரியான ஃபோல்டரில் சேர்த்தேன். கீழ் வரிசையில் காலியாக இருந்த ஒரு கட்டத்தில் அந்தக் கிழிந்த சட்டத்தை வைத்தேன். 'இல்லை' என்று அத்தான் பேசி வைத்திருந்த குரலைத் தேடி எடுத்து அதோடு சேர்த்தேன். வைத்தேனே தவிர, அதைத் தொட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்காவும் தொடவில்லை. அது இருக்கிற இடத்தை மட்டும் பார்த்து வைத்துக்கொண்டாள்.

நர்ஸம்மா சொன்னபடி வந்தார். மகன் சுவரோரம் நின்றான். பலகையை முன்னால் வைத்து அவர் அதே கேள்வியைக் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் எதும்மா?"

அக்கா தொட்டாள். "என்னங்க..."

மகன் வெளியே போகத் திரும்பினான். நான் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். "இருடா," என்றேன்.

"அவர் எங்கம்மா?" என்றார் நர்ஸம்மா.

அக்காவின் கை கட்டங்களின்மேல் மெதுவாக இறங்கியது. தண்ணியைத் தாண்டி, தலையணையைத் தாண்டி, கீழ் வரிசைக்கு வந்து நின்றது. அவள் ஒரு மூச்சு இழுத்துவிட்டுக்கொண்டு தொட்டாள்.

"இல்லை," என்றார் அத்தான்.

அடுக்களையில் வியர்க்க வியர்க்க நின்று, பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்ன அதே சாதாரணக் குரல். மகன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நர்ஸம்மாவின் பேனா நின்றது. பெட்டியில் பேசுவது யார் குரல் என்று அவருக்குத் தெரியாது, எங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

அக்கா எங்களுக்காக நிறுத்தவில்லை. மறுபடி தொட்டாள். "என்னங்க... இல்லை." வாசலைப் பார்த்தாள். பலகைக்குத் திரும்பினாள். "செருப்பு," என்றார் அத்தான். "எடுத்துட்டுப் போ."

நாங்கள் எல்லோரும் வாசலைப் பார்த்தோம். அத்தானின் தோல்செருப்பு, அவர் வீட்டிலிருந்த கடைசி நாளில் கழற்றிவிட்ட இடத்திலேயே, ஒன்று சற்றுத் திரும்பியபடி கிடந்தது. வேலைக்கு அவர் பூட்ஸ்தான் போட்டுக்கொண்டு போவார். எடுத்தால் அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்று நானும் எடுக்கவில்லை, மகனும் எடுக்கவில்லை. அதைத் தாண்டித் தாண்டித்தான் போய்வந்துகொண்டிருந்தோம். அவள் தினமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மகன் எழுந்து போய்ச் செருப்பைக் கையில் எடுத்தான். எங்கே கொண்டுபோவதென்று தெரியாமல் இரண்டையும் மார்போடு வைத்துக்கொண்டு நின்றான். பிறகு மாடிப்படி ஏறினான். அவன் ஏறுகிற சத்தம் நிற்கும்வரை அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவங்க இங்கேயே இருக்கட்டும்," என்றார் நர்ஸம்மா. "பகலுக்கு ஆள் அனுப்பச் சொல்றேன்." பையை மூடிக்கொண்டு எழுந்தவர், அக்காவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

நான் அழுதுகொண்டிருந்தேன், மறைக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் நான் அழுதால் பார்ப்பாளே, போதும் எழுந்திரு என்கிற மாதிரி, அப்படி. கையைப் பலகைக்குக் கொண்டுபோனாள்.

"பொம்மைக்காரி," என்றார் அத்தான். "தண்ணி."

அடுக்களைக்குப் போய், நசுங்கிய தம்ளரைக் கழுவி, தண்ணீர் எடுத்துவந்தேன்.